கியூஆர் அட்டையைக் கழற்ற வேண்டாம், கணக்கை மாற்றுங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் ரெடிமேட் துணிக்கடை நடத்துகிறேன். ஈரோட்டிலும் திருப்பூரிலும் சரக்கு எடுக்கிறேன். போன வருடம் 36 லட்சம் ரூபாய்க்கு விற்பனை. இந்த வருடம் ஏப்ரல் முதல் ஜனவரி வரை 37 லட்சம் ஆகிவிட்டது. மார்ச் முடிவில் 45 லட்சத்தைத் தொடும், கொள்முதல் 35.70 லட்சம் வரை வரும். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் போக மாதம் 45 ஆயிரம் கையில் நிற்கிறது. 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி என்பதால் பதிவு செய்யவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் ஒரு தையல்காரரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, கடையிலேயே ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறோம். அதில் மாதம் 30 ஆயிரம் வருகிறது. விற்பனையில் மூன்றில் இரண்டு பங்கு யுபிஐ மூலம் என் மனைவியின் சேமிப்புக் கணக்கில் விழுகிறது. அவர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. ஆண்டுச் சம்பளம் 11.40 லட்சம், பழைய முறையில் வரி பிடிக்கிறார்கள். யுபிஐ இருந்தால் நோட்டீஸ் வரும், கழற்றிவிடு என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். தம்பி பெயரில் தனி பில் புத்தகம் போடச் சொல்கிறார் இன்னொருவர். போன வருடம் ஒரு கணினி மையத்தில் 2.40 லட்சம் வருமானம் என்று வரிக் கணக்குத் தாக்கல் செய்தேன். அதைக் காட்டிக் கடையை விரிவாக்க 6 லட்சம் கடன் கேட்டபோது வங்கி மறுத்துவிட்டது. மஞ்சள் விற்ற பணத்தில் 3 லட்சம் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார் மைத்துனர். வாங்கலாமா? வரி கட்டத் தயாராக இருக்கிறேன். எவ்வளவு, எப்படி என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம். முதலில் நல்ல செய்தி. நீங்கள் எழுதியிருக்கும் எண்கள் சரியென்றால், இந்த 2025-26 நிதியாண்டுக்கு நீங்களும் உங்கள் மனைவியும் வருமான வரியாக ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. அடுத்தது அவ்வளவு நல்ல செய்தி அல்ல. ஜிஎஸ்டியில் உங்களுக்கு இன்னும் 3 லட்சம் இடைவெளி இருப்பதாக நினைக்கிறீர்கள். உண்மையில் அக்டோபர் மாதத்திலேயே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டையும் விளக்குகிறேன். அதற்கு முன் அந்த கியூஆர் அட்டையைப் பற்றிப் பேசிவிடுவோம்; உங்களை அதிகம் கலங்கடித்திருப்பது அதுதான் என்று தெரிகிறது.

உங்கள் பக்கத்துக் கடைக்காரரின் பயத்துக்குக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவுகளை அடிப்படையாக வைத்து வணிக வரித்துறை ஆயிரக்கணக்கான சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி விற்பவர், பேக்கரி வைத்திருப்பவர் என்று எல்லோருக்கும் போனது. பெங்களூரில் பல கடைகளில் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை, ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று முதலமைச்சர் சித்தராமையா அறிவித்த பிறகே நிலைமை தணிந்தது. அந்த நிகழ்விலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம் யுபிஐ ஆபத்து என்பது. நான் எடுத்துக்கொண்டது வேறு. அந்த நோட்டீஸ்களில் கணக்கில் விழுந்த ஒவ்வொரு ரூபாயும் விற்பனையாகவே பார்க்கப்பட்டது. அண்ணன் அனுப்பிய பணமும், சீட்டு எடுத்த பணமும், வரியே இல்லாத காய்கறி விற்ற பணமும் அதில் அடக்கம். கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒன்றாகக் கிடந்தவர்களால் எது எது என்று பிரித்துக் காட்ட முடியவில்லை. கடைக்கென்று தனிக் கணக்கு வைத்திருந்தவர்கள் ஒரு பட்டியலைக் கொடுத்து முடித்துக்கொள்ள முடிந்தது.

அட்டையைக் கழற்றுவதால் வரியும் குறையாது, வரம்பும் மாறாது. ஜிஎஸ்டிக்கு விற்றுமுதல் என்றால் ரொக்கமும் யுபிஐயும் சேர்ந்ததுதான். ரொக்கத்துக்கு மாறினால் அந்த ரொக்கத்தை என்ன செய்வீர்கள்? வங்கியில் போட்டுத்தான் திருப்பூர்க்காரருக்கு அனுப்ப வேண்டும். சேமிப்புக் கணக்குகளில் ஒருவர் ஓர் ஆண்டில் 10 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கம் செலுத்தினால் வங்கி வருமான வரித்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நடப்புக் கணக்குக்கு அந்த வரம்பு 50 லட்சம். அப்படித் தெரிவிக்கப்பட்டது உங்கள் பான் எண்ணில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையில் பளிச்சென்று நிற்கும். போதாதற்கு, வருமான வரிச் சட்டமே யுபிஐக்குச் சலுகை தருகிறது: விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று வைத்துக் கணக்குக் காட்டும் உத்தேச லாப முறையில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம் லாபம் என்றால், வங்கி வழி வந்த விற்பனைக்கு 6 சதவீதம் போதும். இத்தனையும் இருக்க, பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார் என்பதற்காக இளைஞர்கள் அலைபேசியோடு மட்டும் வரும் கடையில் அட்டையைக் கழற்றுவது விற்பனையைத்தான் கெடுக்கும்.

மாற்ற வேண்டியது அந்த அட்டை எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதைத்தான். இதில் நான் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி தன் சம்பளத்துக்கு ஒழுங்காக வரி பிடித்தம் கொடுத்துக்கொண்டிருக்கிற ஆசிரியை. அவருடைய சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் துணி விற்ற பணத்தை விட்டுவைத்திருக்கிறீர்கள். நாளைக்குக் கேள்வி வந்தால் அது அவர் பெயருக்குத்தான் வரும். வருமானம் யார் சம்பாதித்தாரோ அவருடையது, யார் கணக்கில் விழுந்தது என்பது முக்கியமல்ல என்று நாம் பதில் சொல்லலாம், சட்டமும் அதை ஏற்கும். ஆனால் அதை நிரூபிக்கும் வேலை அவர் தலையில் விழும்.

சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவான உத்யம் சான்றை இந்த வாரமே எடுங்கள். ஆதார், பான் இரண்டும் போதும். அரசுத் தளத்தில் இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன, அங்கே போய்விடாதீர்கள். அந்தச் சான்றோடு கடை பெயரில் ஒரு நடப்புக் கணக்கு தொடங்கி, அட்டையை அதோடு இணைத்துக்கொள்ளுங்கள். மனைவி கணக்கின் ஏப்ரல் முதல் இன்று வரையிலான அறிக்கையை அச்செடுத்து, சம்பளம் ஒரு நிறம், கடை வரவு ஒரு நிறம், உறவினர் அனுப்பியது ஒரு நிறம் என்று கோடு போட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும். நினைவு பசுமையாக இருக்கும்போது அரை நாளில் முடிகிற இந்த வேலை, இரண்டு ஆண்டுகள் கழித்துச் செய்தால் முடியவே முடியாது. கடை வரவு முழுவதையும் உங்கள் வரிக் கணக்கில் உங்கள் விற்பனையாகக் காட்டிவிடுங்கள். மிஞ்சிய கடைப் பணத்தை மனைவி பெயரில் வைப்புநிதியாகப் போட்டிருந்தால், அதன் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜிஎஸ்டி. 40 லட்சம் என்று நீங்கள் கேள்விப்பட்டது தவறல்ல. தமிழ்நாட்டில் சரக்கு விற்பவர்களுக்கு அதுதான் வரம்பு. ஆனால் அந்தச் சலுகையைத் தந்த அறிவிப்பில் ஒரு சொல் இருக்கிறது: சரக்கு 'மட்டும்' விற்பவர்களுக்கு. சேவையும் சேர்ந்து செய்பவர்களுக்கு வரம்பு 20 லட்சம். வைப்புநிதி வட்டியைச் சேவையாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மற்றபடி சேவை எவ்வளவு சிறியது என்பது பொருட்டல்ல. தைத்துக் கொடுப்பது சேவை. செப்டம்பர் வரை நீங்கள் துணி மட்டும் விற்றீர்கள், 40 லட்சம் வரம்பில் இருந்தீர்கள். அக்டோபரில் தையல் இயந்திரம் கடைக்குள் வந்த நாளிலிருந்து உங்கள் வரம்பு 20 லட்சமாகச் சுருங்கிவிட்டது. தீபாவளி விற்பனையில் அதை நீங்கள் தாண்டியிருப்பீர்கள் என்பதே என் கணிப்பு. ஜவுளிக்கடைகளில் நான் அதிகம் பார்க்கும் சிக்கல் இது. அலைபேசி விற்பவர் பழுதும் பார்ப்பார், பெயின்ட் கடைக்காரர் ஆள் விட்டு அடித்தும் கொடுப்பார். எல்லோரும் 40 லட்சத்தை நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள்.

தையல்காரரை நிறுத்திவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. தாண்டியது தாண்டியதுதான். அவரிடம் இட வாடகை வாங்கிக்கொண்டு தனியாகத் தொழில் செய்யச் சொன்னாலும், வாடகையும் சேவைதான். எப்படியும் பிப்ரவரி முடிவதற்குள் உங்கள் விற்பனை 40 லட்சத்தையும் தாண்டிவிடும். எனவே பதிவு தவிர்க்க முடியாதது, கேள்வி எப்போது என்பது மட்டுமே.

அந்த 'எப்போது' எவ்வளவு பணம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் சராசரி மாத விற்பனை 3.70 லட்சம். உருப்படி ஒன்று 2,500 ரூபாய் வரை உள்ள ஆடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீத வரி; அதற்கு மேல் 18 சதவீதம். உங்கள் சரக்கெல்லாம் 2,500க்குள் என்று வைத்துக்கொள்வோம். பதிவு செய்திருக்க வேண்டியவர் பதிவு செய்யாமல் விற்கும் ஒவ்வொரு மாதமும், வாடிக்கையாளர் தந்த தொகைக்குள்ளேயே வரி இருப்பதாகக் கொண்டால், 17,600 ரூபாய் வரி நிலுவையாகச் சேர்கிறது. அதே மாதம், சிறு வணிகர்கள் விற்பனையில் 1 சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் பதிவு பெற்றிருந்தால் கட்ட வேண்டியது 3,700 ரூபாய். அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி முடிய ஏறத்தாழ 17 லட்சம் விற்றிருப்பீர்கள் என்றால், நிலுவை 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வரும்; அதற்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. பதிவுக்குரிய நிலை வந்த 30 நாளுக்குள் விண்ணப்பித்தவருக்குக் கையிருப்புச் சரக்கில் ஏற்கெனவே செலுத்திய வரிக்கு வரவு கிடைக்கும், அதாவது கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அந்தக் கெடு உங்களுக்குத் தவறிவிட்டது.

80 ஆயிரம் என்றதும் மனம் சங்கடப்படும், எனக்குத் தெரியும். உங்களுக்கு இரண்டு மாத லாபம் அது. ஆனாலும் ஒளிந்துகொள்ளச் சொல்ல மாட்டேன். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவர் நோட்டீஸ் வருவதற்கு முன் தானாக முன்வந்து வரியையும் வட்டியையும் டிஆர்சி-03 படிவத்தில் செலுத்திவிட்டால் அபராதம் இல்லை. நோட்டீஸ் வந்து, பல மாதம் கழித்து உத்தரவு ஆகிவிட்டால் அபராதமும் சேரும். உள்ளூரில் ஒரு ஆடிட்டரையோ ஜிஎஸ்டி ஆலோசகரையோ நேரில் பார்த்து, மாத வாரியான விற்பனையையும் கொள்முதல் பில்களையும் மேசையில் வைத்து, சரியான தேதியையும் சரியான தொகையையும் முடிவு செய்யுங்கள். இந்த ஒரு வேலைக்கு அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவல்ல.

பதிவு செய்யும்போது காம்போசிஷனா, வழக்கமான முறையா என்று கேட்பார்கள். உங்கள் எண்களையே போட்டுப் பார்த்தேன். ஆண்டு விற்பனை 45 லட்சம். இதில் 5 சதவீத வரி உள்ளடங்கியது என்றால் 2.14 லட்சம் வரி. கொள்முதல் 35.70 லட்சத்துக்குள் இருக்கும் வரி 1.70 லட்சம். வழக்கமான முறையில் கையிலிருந்து கட்டுவது இரண்டுக்குமான வித்தியாசம், 44 ஆயிரம். காம்போசிஷனில் விற்பனையில் 1 சதவீதம், அதாவது 45 ஆயிரம். ஏறக்குறைய ஒன்றுதான்! எனவே இங்கே பணத்தைப் பார்க்காமல் வேலையைப் பாருங்கள். காம்போசிஷனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் சிஎம்பி-08 படிவத்தில் வரி கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு கணக்கு ஜூன் 30க்குள். ஒவ்வொரு கொள்முதல் பில்லும் இணையத்தில் ஏறியிருக்கிறதா என்று திருப்பூர்க்காரருக்குத் தொலைபேசி செய்துகொண்டிருக்க வேண்டாம். தையல் கூலி ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் இருப்பதால் அதுவும் தடையில்லை. 1.50 கோடி வரை விற்கலாம்.

கட்டுப்பாடுகளும் உண்டு. வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. வரி பில்லுக்குப் பதில் விற்பனைச் சீட்டு மட்டும் தர வேண்டும். கடையில் காம்போசிஷன் என்று பலகை வைக்க வேண்டும். சூரத்திலிருந்து சரக்கு வாங்கலாம், ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. பள்ளிச் சீருடை, நிறுவனங்களுக்கு மொத்த ஆர்டர் என்று போகும் எண்ணம் இருந்தால் வழக்கமான முறை நல்லது, ஏனென்றால் அவர்கள் வரி பில் கேட்பார்கள். 2,500க்கு மேற்பட்ட கல்யாண உடைகள் நிறைய வைத்திருந்தாலும் கணக்கு மாறும். இப்போதைய நிலையில் உங்களுக்குக் காம்போசிஷன்தான் என் பரிந்துரை.

தம்பி பெயரில் பில் புத்தகம் வேண்டாம். ஒரே கடை, ஒரே சரக்கு, ஒரே கல்லாப்பெட்டி, இரண்டு பெயர் என்றால் அதிகாரி இரண்டையும் சேர்த்தே கணக்கிடுவார். அதோடு ஏமாற்றும் எண்ணம் என்ற பழியும் சேரும். அபராதம் இல்லாமல் முடிய வேண்டியது அபராதத்தோடு முடியும். தம்பி உண்மையிலேயே தன் முதல் போட்டு வேறு இடத்தில் கடை வைத்தால் அது வேறு விஷயம்.

அடுத்து வங்கிக் கடன். இந்தப் பகுதியைத்தான் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கணினி மையத்தில் 2.40 லட்சம் என்று எப்படிப் போட்டார்கள் தெரியுமா? 36 லட்சத்தில் யுபிஐ 24 லட்சத்துக்கு 6 சதவீதம் 1.44 லட்சம், ரொக்கம் 12 லட்சத்துக்கு 8 சதவீதம் 96 ஆயிரம். கூட்டினால் 2.40 லட்சம். முன்பு சொன்ன உத்தேச லாப முறை இதுதான்; வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின்படி இது குறைந்தபட்ச லாபம். அந்தப் பிரிவிலேயே 'அல்லது அதைவிட அதிகமாகச் சம்பாதித்த தொகை' என்றும் இருக்கிறது. குறைந்தபட்சத்தைப் போட்டால் வரி வராது என்று அவர்கள் போட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு உங்கள் உண்மையான லாபத்தைப் போட்டிருந்தாலும் வரி வந்திருக்காது. 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்தது.

இந்த ஆண்டு இன்னும் தாராளம். புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி முழுவதும் தள்ளுபடி. நீங்கள் சொன்னபடி மாதம் 45 ஆயிரம் என்றால் ஆண்டு லாபம் 5.40 லட்சம். வரிப்படியில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட 1.40 லட்சத்துக்கு 5 சதவீதம், 7 ஆயிரம் ரூபாய் வருகிறது, அதுவும் தள்ளுபடியாகிவிடுகிறது. குறைந்தபட்சக் கணக்குப்படி காட்டினால் 3 லட்சம், வரி பூஜ்யம். உண்மையைக் காட்டினால் 5.40 லட்சம், அதற்கும் வரி பூஜ்யம். பூஜ்யத்தை மிச்சம் பிடிப்பதற்காக வருமானத்தில் பாதியை மறைத்தால், வங்கி மேலாளர் மாதம் 20 ஆயிரம் சம்பாதிப்பவராகத்தானே உங்களைப் பார்ப்பார்? அவர் 6 லட்சம் கடனுக்கு மறுத்ததில் வியப்பில்லை. மறைக்கும் பழக்கம் வரி விகிதம் கடுமையாக இருந்த காலத்தில் வந்தது. இன்று உங்கள் அளவிலுள்ள கடைக்காரருக்கு அந்தப் பழக்கத்தால் நஷ்டம் மட்டுமே. கடன் கிடைக்காது, கிடைத்தாலும் தனியார் வட்டிக்குப் போக வேண்டிவரும். விபத்தில் இழப்பீடு கேட்டாலும் நீதிமன்றம் முதலில் கேட்பது வரிக் கணக்கைத்தான்.

எனவே இந்த முறை சுகம் எனப்படும் ஐடிஆர்-4 படிவத்தில் உண்மையான லாபத்தையே காட்டுங்கள். மனைவி கணக்கில் விழுந்த யுபிஐக்கு 6 சதவீதமா 8 சதவீதமா என்ற தகராறும் தானாகவே மறைந்துவிடும், ஏனென்றால் உங்கள் உண்மை லாபம் இரண்டையும்விட அதிகம். வருமான வரியில் காட்டும் விற்பனையும் ஜிஎஸ்டியில் காட்டும் விற்பனையும் ஒத்துப்போக வேண்டும். இரு துறைகளும் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த உத்தேச முறையில் இருந்துவிட்டு இடையில் ஓர் ஆண்டு அதைவிடக் குறைவான லாபம் காட்டி வெளியேறினால், அடுத்த 5 ஆண்டுகளுக்கு அதற்குத் திரும்ப முடியாது, அந்த ஆண்டுகளில் வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் வரும். யாராவது அவசரத்தில் அப்படிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்காலத்தில் லாபம் 12 லட்சத்தைத் தாண்டி வரி வரும் நிலையில், 44ஏடியில் இருப்பவர்கள் முன்கூட்டிய வரி முழுவதையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்ட வேண்டும் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன; 44ஏடி இனி 58ஆம் பிரிவு. வரும் மார்ச் 31 வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். புதுச் சட்டம் என்று சொல்லி யாரும் உங்களைப் பயமுறுத்த இடம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் மனைவியின் வரியைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. 11.40 லட்சம் சம்பளத்துக்குப் பழைய முறையில் நிலைக்கழிவு 50 ஆயிரம், எல்ஐசி, சேமநிதி எல்லாம் சேர்த்து 1.50 லட்சம் கழித்தால் 9.40 லட்சம். அதற்கு வரி கூடுதல் வரியோடு 1,04,520 ரூபாய். புதிய முறையில் நிலைக்கழிவு 75 ஆயிரம் போக 10.65 லட்சம், 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை. வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் முழுவதும் பழைய முறையில் கழித்தாலும் புதியதை எட்டாது. பள்ளியில் ஏற்கெனவே பிடித்துவிட்டார்களே என்று விட்டுவிட வேண்டாம். சம்பளக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது முறையைத் தேர்ந்தெடுக்கலாம். கடைசித் தேதிக்குள் புதிய முறையில் தாக்கல் செய்தால் பிடித்த தொகை திரும்ப வந்துவிடும். வியாபார வருமானம் உள்ள உங்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவம் வேண்டும், ஒருமுறை புதியதற்குத் திரும்பிவிட்டால் மீண்டும் பழையதற்குப் போக முடியாது. உங்களுக்கு அந்தத் தேவையும் இல்லை.

இன்னொன்று. மார்ச் மாதம் நெருங்கினால் வரிச் சலுகைக்காக என்று பாலிசி விற்க வருவார்கள். புதிய முறையில் இருப்பவருக்குப் பாலிசியால் வரிச் சலுகை எதுவும் இல்லை. குடும்பப் பாதுகாப்புக்கு வேண்டுமென்றால் எடுங்கள், வரிக்காக எடுக்க வேண்டாம். உங்கள் மனைவி பங்குகளை ஓராண்டுக்குள் விற்று லாபம் பார்த்திருந்தால் அதற்குத் தனி விகிதத்தில் வரி உண்டு. 12 லட்சம் தள்ளுபடி அதற்குப் பொருந்தாது.

மைத்துனர் பணத்தை வாங்குங்கள், ஆனால் ரொக்கமாக ஒரு நோட்டுகூட வேண்டாம். கடனாக 20 ஆயிரம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையுமே அபராதமாக விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. 19 ஆயிரம் 19 ஆயிரமாகப் பிரித்து வாங்கினாலும் பழைய பாக்கியோடு சேர்த்தே பார்ப்பார்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் இதே விதி. கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே இருந்தால் விலக்கு உண்டு, நீங்கள் வியாபாரி என்பதால் அது பொருந்தாது. மஞ்சள் விற்ற பணத்துக்கு அவருக்கு வருமான வரி இல்லை. மண்டிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவர் தன் கணக்கில் போட்டு உங்கள் நடப்புக் கணக்குக்கு மாற்றட்டும். வெள்ளைத்தாளில் இருவரும் ஒரு கடன் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். கடனாக வேண்டாம், அன்பளிப்பாகவே தருகிறேன் என்று அவர் சொன்னாலும் மனைவியின் சகோதரர் தருவதற்கு உங்களுக்கு வரி கிடையாது. ஆனால் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கான தடை அன்பளிப்புக்கும் உண்டு.

நகராட்சிக்கு அரையாண்டுதோறும் கட்டும் தொழில் வரியும் உரிமக் கட்டணமும் பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கியில் அந்த ரசீதுகளையும் கேட்பார்கள்.

கடைசியாக, மாதம் 45 ஆயிரம் நிற்கிறது என்கிறீர்களே, அது கையில் நிற்கும் பணம். லாபம் அதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம், ஏனென்றால் அலமாரியில் நிற்கும் சரக்கை நீங்கள் எண்ணவில்லை. மார்ச் 31 செவ்வாய்க்கிழமை வருகிறது. அன்று இரவு கடையை ஒரு மணி நேரம் முன்னதாகச் சாத்திவிட்டு, ஓர் அலமாரியிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் சட்டையை எடுத்து விலைச் சீட்டைப் படிக்கட்டும், ஒருவர் எழுதட்டும். எழுத வேண்டியது விற்பனை விலையை அல்ல. சீட்டின் ஓரத்தில் எழுத்துக் குறியாகப் போட்டு வைத்திருப்பீர்களே, அந்த அடக்க விலையை. வெளுத்துப்போனது, அளவு தப்பியது, மூன்று தீபாவளியாகப் போகாதது எல்லாவற்றையும் தனித் தாளில் போட்டு, இப்போது என்ன கிடைக்குமோ அந்த விலையை எழுதுங்கள். தைக்கக் கொடுத்திருக்கும் வாடிக்கையாளர் துணி உங்கள் சரக்கல்ல, அதைச் சேர்க்கக் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் கூட்டி, கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். முந்தைய ஆண்டுப் பட்டியல் இல்லாததால் தொடக்க இருப்புக்கு மட்டும் போன ஆண்டுக் கொள்முதலையும் விற்பனையையும் வைத்து உங்கள் ஆடிட்டர் ஒரு மதிப்பீடு செய்வார். அடுத்த ஆண்டிலிருந்து அந்த அவசியமும் இருக்காது. இந்தப் பட்டியல், நடப்புக் கணக்கின் அறிக்கை, கொள்முதல் பில் கட்டு, தாக்கல் செய்த வரிக் கணக்கு இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு அதே வங்கி மேலாளரிடம் போய் 6 லட்சத்தை மறுபடி கேளுங்கள்.